ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கான அலமாரி: புதுச்சேரியில் ஒரு வாடகை நூல் நிலையம்

புதுச்சேரியில் பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குத்தான் கை காட்டுவார்கள். சண்டே மார்க்கெட்டில் ஜீன்ஸ் பேன்ட்டுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே தார்ப்பாய் விரித்துப் புத்தகம் போட்டிருப்பார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அந்த வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்னத் தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஒரு வாடகை நூல் நிலையம் இருக்கிறது. பலகையில் கடையின் பெயர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் அழிந்துபோய் ‘வாடகை நூல் நிலையம்’ என்பது மட்டும் மிச்சமிருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் அங்கே மெம்பர். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், கடையைப் பற்றி எழுதினால் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டிவரும். அதற்கு இப்போதுதான் தைரியம் வந்தது.

முதலில் கடை. எட்டடிக்குப் பத்தடி இருக்கும், மூன்று பேருக்கு மேல் நின்றால் நாலாவது ஆள் படிக்கட்டில் காத்திருக்க வேண்டும். டெபாசிட் 200 ரூபாய், நின்றுகொள்ளும்போது திருப்பித் தந்துவிடுகிறார். மாத நாவலுக்கு மூன்று நாளைக்கு 5 ரூபாய், கெட்டி அட்டை போட்ட புத்தகத்துக்கு ஒரு வாரத்துக்கு 15 ரூபாய். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. லாங் சைஸ் நோட்டில் உங்கள் நம்பர், புத்தகத்தின் நம்பர், தேதி, அவ்வளவுதான். நடத்துபவர் எழுபது தாண்டியவர், அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர், அச்சகத் தொழில் மாறியபோது கையில் இருந்த புத்தகங்களை வைத்து இதை ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அவர் புத்தகம் அடுக்கியிருக்கும் விதம். இடது பக்கச் சுவர் முழுக்க ஒரு தட்டு துப்பறியும் நாவல், அதற்குக் கீழ்த்தட்டு கவிதை, மறுபடி துப்பறியும் நாவல், மறுபடி கவிதை என்று மாறி மாறிக் கூரை வரை போகிறது. வலது பக்கம் குடும்ப நாவல், சமையல், ஜோதிடம், பக்தி, குழந்தைப் புத்தகம். இடப் பற்றாக்குறையால் இப்படிக் கலந்துவிட்டாரோ என்று நினைத்துத்தான் முதல் நாள் கேட்டேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “ராத்திரி தூக்கம் வராதவங்க எடுக்கிறது எல்லாம் இந்தப் பக்கம்மா. மத்தது அந்தப் பக்கம்.”

எந்த நூலகத்திலும் இப்படி ஒரு வகைப்பாடு பார்த்ததில்லை. பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் ரோமன் ரோலண்டு நூலகம் 1827இல் தொடங்கியது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஏதாவது ஒன்றைத் தேடிப் படிக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் அங்கேதான் போவேன். அங்கே எண் போட்டு, துறை வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் படிப்பவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்து அடுக்கியதை நான் இந்த மாடிப்படிக்கு அடியில்தான் பார்த்தேன்.

துப்பறியும் பக்கத்தில் இருப்பதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் புத்தகங்களை மதித்துப் பாதுகாப்பவர்கள் குறைவு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் எல்லாம் சாணித்தாளில் அச்சானவை, படித்ததும் தூக்கிப் போடுவதற்கென்றே வந்தவை. இவர் மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி பைண்ட் செய்து, அசல் அட்டைப் படத்தைக் கத்தரித்து முன்பக்கம் ஒட்டியிருக்கிறார். முதுகில் அவர் கையெழுத்தில் தலைப்பு; அச்சுக் கோத்தவர் கையெழுத்து என்பது பார்த்தவுடன் தெரியும், அவ்வளவு சீர். ராஜேஷ்குமார் மட்டுமே இரண்டு தட்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த் என்று துப்பறியும் ஜோடிகள் எல்லாம் தனித்தனிக் கட்டாக இருக்கின்றன. அதற்கும் முந்தைய தலைமுறையின் தேநீர்ப் பிரியர், தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலும் உண்டு. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை யாரோ வீட்டில் வாரா வாரம் கத்தரித்து வைத்து, பிறகு இங்கே கொடுத்துவிட்டுப் போனதையும் பைண்ட் செய்து வைத்திருக்கிறார். அதில் ஓவியமும் கதையும் சேர்ந்தே இருப்பதால் எனக்குத் தனிப் பிரியம்.

இது புதுச்சேரி என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. கீழ்த்தட்டு மூலையில் கறுப்பு அட்டையில் மஞ்சள் எழுத்துப் போட்ட பிரெஞ்சுக் குற்ற நாவல்கள் ஒரு முப்பது இருக்கும். 1945இல் பாரிசின் கலிமார் பதிப்பகம் தொடங்கிய ‘செரி நுவார்’ வரிசையாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது வந்தவை என்றார் ஐயா. எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஆனால் இப்போதும் இரண்டு மூன்று பெரியவர்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து அந்த மூலையில் குனிந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாவல்களின் தரம் எப்படி? நேர்மையாகச் சொன்னால் மேடு பள்ளம். ராஜேஷ்குமார் இரண்டு கதையை ஒன்று விட்டு ஒன்று அத்தியாயமாக ஓட்டி, கடைசியில் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முட்ட வைப்பார் பாருங்கள், அந்த வேலைப்பாடு சரியாக அமைந்த நாவல்களை இன்றைக்குப் படித்தாலும் நடு அத்தியாயத்தில் கீழே வைக்க முடியாது. சுஜாதாவின் உரையாடல் இன்னும் பழசாகவில்லை. அதே சமயம் தட்டில் பாதி நாவல்களில் செத்துப்போவது ஒரு பெண், அவள் யார், என்ன ஆசைப்பட்டாள், அவள் போனதற்கு யார் அழுதார்கள் என்று எதுவும் வராது, இரண்டாம் பக்கத்தில் பிணம், பிறகு தொண்ணூறு பக்கத்துக்கு ஆண்கள் ஜீப்பில் போய்க்கொண்டிருப்பார்கள். அவள் அம்மா ஒரே ஒரு வரியில் ‘கதறினாள்’. அந்த ஒரு வரி எனக்கு முன்பெல்லாம் உறுத்தியதே இல்லை. இப்போது நிற்காமல் தாண்ட முடிவதில்லை.

சரி, என் கதை.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில், கணக்கு எழுதும் வேலை. போன வருடத்துக்கு முந்தைய வருடம் எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வந்தார்கள். பப்பாளி சாப்பிட்டாயா? எள்ளுருண்டை? தண்ணீர்க் குடம் தூக்கினாயா? தினம் அந்த பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனாயே, வேண்டாமென்று சொன்னோமே. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, என் சின்னம்மா கேட்டுவிட்டு அவர்களே அழுதார்கள். ஆனால் ஒரு மாதம் வீட்டில் நடந்தது விசாரணைதான், கூண்டில் நின்றது நான். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் தானாக நடப்பது, நீ பஸ்ஸில் போனதாலும் இல்லை, எதையும் சாப்பிட்டதாலும் இல்லை. அதைக் கேட்டேன், புரிந்துகொண்டேன், வீட்டுக்காரரும் எல்லாரிடமும் எடுத்துச் சொன்னார். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் என்ன செய்தேன், எந்த நாள் செய்தேன் என்று நானே நாள் வாரியாகக் கணக்கு எடுத்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் இந்தக் கடைக்குப் போனேன். கொலைக்கதை வேண்டும், நிறைய வேண்டும் என்று கேட்டேன். ஏன் அது வேண்டுமென்று தோன்றியது என்று எனக்கே தெரியாது. ஒரு மாத நாவல் 96 பக்கம், மஞ்சக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்தால் ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரி வருவதற்குள் முக்கால் நாவல் முடிந்துவிடும், மீதியைச் சாப்பாட்டு வேளையில் முடித்து, சாயங்காலம் வேறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். இரண்டு மாதத்தில் நாற்பது நாவலுக்கு மேல் படித்தேன். ஒரு ராத்திரி ஒன்றை முடித்து மூடி வைத்தபோது எனக்கு விளங்கியது. என் வீட்டுக்கும் ராஜேஷ்குமாரின் விவேக் மாதிரி ஒரு துப்பறிவாளரோ ஒரு கணேஷோ வந்து, எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, நடந்ததை ஒன்றொன்றாகப் பிரித்துக் காட்டி, கடைசியில் என்னைப் பார்த்து ‘இவங்க இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாவல்கள் எனக்குச் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மனத்தைப் பிடித்து ஒரு இடத்தில் உட்கார வைக்க வேறு எதனாலும் முடியவில்லை. டிவியால் முடியவில்லை, சாமி கும்பிட்டும் முடியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் என்ன என்ற ஒரு கயிறு இருந்ததால்தான் பல ராத்திரிகளைத் தாண்டினேன். ஆனால் அந்தக் கதைகளில் எப்போதும் யாரோ ஒருவன் செய்திருப்பான். எனக்கு நடந்ததை யாரும் செய்யவில்லை. அதற்கு அந்தத் தட்டில் புத்தகம் இல்லை.

ஐயாவுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. ஒரே நாளில் இரண்டு நாவலைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் மூன்றாவதாக ஒரு புத்தகத்தையும் சேர்த்து நீட்டினார். பழைய மலிவுப் பதிப்புக் குறுந்தொகை. “இதுக்கு வாடகை வேணாம்மா, மெதுவா படிச்சிட்டுக் குடு” என்றார். ஒரு வாரம் பையிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நான் விட்டுவிட்ட விஷயம் அது.

ஒரு நாள் மாதக் கணக்கு முடிக்க வேண்டியிருந்து கடைசி பஸ்ஸில் திரும்பினேன். கிருமாம்பாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் இருட்டு, வீடெல்லாம் விளக்கணைத்துத் தூங்குகிறது. போனை டார்ச்சாக்கிப் புத்தகத்தைப் பிரித்தேன். 28ஆம் பாட்டு, ஔவையார் பாடியது, ஐந்தே அடி. காதலனைப் பிரிந்து தூங்க முடியாத ஒருத்தி கேட்கிறாள்: முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கில் ஆ ஓ என்று கத்துவேனா, சுழன்றடிக்கும் இந்தக் காற்று என்னை அலைக்கழிக்க, என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை நான் என்ன செய்வது? ‘உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே’ என்று முடிகிறது. அவளுடைய துக்கம் வேறு, என்னுடையது வேறு. ஆனால் அவள் யாரையும் விசாரிக்கவில்லை, எதையும் நிரூபிக்கவில்லை, யார் மேலும் பழி இல்லை, தூங்குகிற ஊரின் மேல் வருகிற அந்த நியாயமே இல்லாத கோபத்தை மட்டும் அப்படியே சொல்லிவிட்டாள். இரண்டாயிரம் வருடத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரெட்டிச்சாவடி வரை அழுதேன். அதுவரை நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் கீழ்த்தட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கவிதைப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மன வேதனையைப் பற்றிப் பேசுகிற தொகுப்புகள்; வாழ்த்துக் கவிதை, மேடைக் கவிதை எல்லாம் அவர் இந்தச் சுவரில் வைப்பதில்லை. தேவாரத்தில் அப்பர் பாடிய நாலாம் திருமுறை இருக்கிறது, அதை ஏன் பக்திப் பக்கத்தில் வைக்கவில்லை என்று கேட்டதற்கு முதல் பதிகத்தைப் படித்துப் பார் என்றார். கடலூர்க்காரியான எனக்கு அப்பர் கதை தெரியும்: சூலை நோயில் துடித்து, அக்கா திலகவதியாரிடம் போய், பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் நின்று பாடியது. ஆனால் வார்த்தைகளைக் கவனித்துப் படித்ததில்லை. குடலைச் சுருட்டி முடக்குகிறது, ஆற்றேன், என்னால் தாங்க முடியவில்லை என்று ஒரு மனிதன் வலியில் கத்துவதுதான் அந்தப் பாட்டு. அப்புறம் பல்லவ மன்னனின் ஆட்கள் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், விஷம் கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்கிறது பெரியபுராணம். அவர் கரையேறியதாகச் சொல்லும் இடம் எங்கள் ஊரில் கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரிலேயே இருக்கிறது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே மனிதனின் கதையில் வந்துவிட்டது.

நான் தினம் போகிற சாலைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி பத்து வருடம் பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண் முன்னாலேயே கவிதை எழுதினார். 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்து, கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நவீனக் கவிதையில் ஆத்மாநாமின் தொகுப்பு இருக்கிறது. மனநோயோடு போராடி 1984இல் 33 வயதில் போனவர், எவ்வளவு எளிமையான சொற்களில் எவ்வளவு தனியாக நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த ஊரின் ஆற்றுப் பெயரையே ‘சங்கராபரணி’ என்று தலைப்பாக வைத்த மாலதி மைத்ரியின் தொகுப்பும் இருக்கிறது. பெரிய பெயர் இல்லாதவர்கள் சொந்தச் செலவில் அச்சடித்த மெல்லிய புத்தகங்களும் பத்துப் பதினைந்து இருக்கின்றன. அதில் சிலவற்றுக்கு அச்சுக் கோத்ததே ஐயாதானாம்.

இனி, இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வாடகைப் புத்தகம் என்றாலே முன்னால் படித்தவர்கள் கிறுக்கியிருப்பார்கள். துப்பறியும் நாவலில் 12ஆம் பக்கத்திலேயே யாராவது ஒரு பெயருக்குக் கோடு போட்டு ‘இவன்தான் கொலைகாரன்’ என்று எழுதி வைப்பார்கள். ஐயா ஒவ்வொரு புத்தகம் திரும்பி வரும்போதும் பக்கம் புரட்டிப் பார்த்து அதையெல்லாம் ரப்பர் போட்டு அழிப்பார், பேனாவில் எழுதியிருந்தால் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டுவார். கவிதைப் புத்தகத்தில் இருக்கும் கிறுக்கலைத் தொடுவதே இல்லை. பெயரோ போன் நம்பரோ இருந்தால் மட்டும் அழிப்பார், மற்றது அப்படியே இருக்கும். அதனால் ஒரு தொகுப்பை எடுத்தால் உங்களுக்கு முன்னால் அதைப் படித்தவர்களும் கூடவே வருகிறார்கள். ஒரு பாட்டின் ஓரத்தில் மூன்று வேறு வேறு கையெழுத்தில் கோடு. ஒன்றில் ‘அப்பா’ என்று மட்டும். ஒன்றில் ஒரு தேதி, அதற்குக் கீழே அதே கையெழுத்தில் அடுத்த வருடத்தின் அதே தேதி, அதற்கும் கீழே இன்னொன்று. யாரோ வருடா வருடம் அந்த நாளில் அந்தப் புத்தகத்தை எடுக்க இங்கே வந்திருக்கிறார்கள். அது யாரென்று ஐயாவுக்குத் தெரியும், நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போய்விட்டு ஏமாறக்கூடாது.

கடலோரம் என்பதால் ஈரம் பெரிய பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழ் இரண்டு தட்டும் நமுத்துப்போய்விடும், சில புத்தகங்களில் தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் நிறைய. வசம்பும் அந்துருண்டையும் போட்டுத்தான் வைத்திருக்கிறார், தூசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த நெடியும் சேர்ந்து தலைவலி வந்துவிடும். நான் எடுத்த நாவல்களில் மூன்றில் கடைசி ஃபாரமே, அதாவது கடைசிப் பக்கங்களின் கட்டே இல்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமல் விடுவது அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி முடியாது. கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அது கடையின் தவறுதான். அவரிடம் சொன்னேன், வாடகையைத் திருப்பித் தந்தார், மறுநாள் முதல் அப்படிப்பட்ட புத்தகங்களின் முதுகில் சிவப்பு நூல் ஒன்று கட்டி வைக்க ஆரம்பித்தார். சிவப்பு நூல் பார்த்தால் எடுக்காதீர்கள், அல்லது தெரிந்தே எடுங்கள்.

பெண்கள் எழுதிய துப்பறியும் நாவல் கைவிரல் எண்ணிக்கைதான். புதிதாக வருகிற குற்ற நாவல்கள் அனேகமாக இல்லை. 2000க்குப் பிந்தையது வேண்டுமானால் இந்தக் கடை உங்களுக்குச் சரிவராது. வெளிச்சம் போதாது. நேரமும் அவர் உடம்பைப் பொறுத்தது: காலை பத்து மணிக்கு என்று சொல்வார், பதினொன்றும் ஆகும், இரண்டு முறை மரப்பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டி, ஓடி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஜிபே இருக்கிறது, ஆனால் ஐந்து ரூபாய்க்கு அதை நீட்டினால் சில்லறை இல்லையா என்று கேட்பார்.

போனிலேயே படித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: நானும் ஒரு செயலியில் ஆறு மாதம் சந்தா கட்டிப் பார்த்தேன். பழைய நாவல்கள் நிறைய இருந்தன, வசதிதான். ஆனால் ஒரு கொலைக்கதை முடித்தால் அடுத்து அதே மாதிரி இருபது கொலைக்கதையைக் காட்டும், அதில் ஒன்றை முடித்தால் இன்னும் இருபது. நான் நாற்பது நாவல் படித்தபோது அது எனக்கு நாற்பத்தொன்றாவது நாவலைத்தான் கொடுத்திருக்கும். ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் குறுந்தொகை கிடைத்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மார்க்கெட் கூட்டத்தில் அந்தத் தெருவுக்குள் நுழையவே முடியாது. வார நாளில் சாயங்காலம் நாலரைக்கு மேல் போனால் அவர் பைண்டிங் வேலை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார், பேச நேரமிருக்கும். எந்த நாவல் எடுத்தாலும் அதற்கு நேர் கீழ்த்தட்டில் கை வைத்து ஒரு கவிதைப் புத்தகமும் சேர்த்து எடுங்கள்; என்ன எடுப்பது என்று தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள், காரணம் கேட்க மாட்டார். துணிப்பை கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் பைண்டிங் வியர்க்கிறது என்று கோபப்படுவார். எட்டு ரூபாய் பென்சில் ஒன்று கல்லா மேல் எப்போதும் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். பேனா கூடவே கூடாது.

போன மாதம் அந்தக் குறுந்தொகையை மறுபடி எடுத்தேன், இந்த முறை வாடகை கொடுத்து. 28ஆம் பாட்டின் ஓரம் காலியாக இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பென்சிலை எடுத்து ஒரு தேதி எழுதினேன். ஐயா வழக்கம்போலப் பக்கம் புரட்டிப் பார்த்தார், அந்த இடத்தில் ஒரு கணம் நின்றார், பிறகு மூடி, கீழ்த்தட்டில் அதன் இடத்திலேயே செருகி வைத்துவிட்டு, “அடுத்து என்னம்மா வேணும்?” என்று நோட்டைத் திறந்தார்.